துப்பத்தான் சொன்னேன்

என்ன சார், கர்ச்சீப்ப மூக்குல வச்சிக்கிட்டீங்க? மீன் கூடை ஏத்திட்டாங்களா? கடலூர் தாண்டினா இந்த பஸ்ல வழக்கந்தான். எனக்கு ஒண்ணும் தெரியல. கொரோனாவுல போச்சு சார் என் மூக்கு. எல்லாருக்கும் போயிட்டுக் கொஞ்ச நாள்ல திரும்பி வந்துச்சு, எனக்கு வரல. மல்லிப்பூவும் ஒண்ணுதான், சாக்கடையும் ஒண்ணுதான்.

சிரிக்கிறீங்க. கொடுத்து வச்சவன்னு நெனைக்கிறீங்க. நான் என்ன வேலை பாக்கிறேன்னு தெரிஞ்சா சிரிக்க மாட்டீங்க.

புதுச்சேரில கடற்கரை ஓரத்து ஹோட்டல் ஒண்ணுல பார்ல தலைமை ஆளு நான். தைரியநாதன்னு பேரு, தைரியம்னு கூப்பிடுவாங்க. சாராயம் ஊத்திக் குடுக்கிறவன்னு நெனைச்சுடாதீங்க. ஊத்திக் குடுக்க யாரு வேணா ஊத்தலாம். நான் கலக்கிறவன். காக்டெயில். அதுலயும் டார்க் ரம்முன்னா தைரியந்தான்னு ஊருல ஒரு பேச்சு இருந்துச்சு.

நீங்க குடிப்பீங்களா சார்? இல்லையா. நல்லது. நானும் குடிக்க மாட்டேன். நெசமாத்தான் சொல்றேன். இத்தன வருஷத்துல ஒரு கிளாஸ் முழுசாக் குடிச்சதில்ல. ருசி பாக்கிறது வேற, குடிக்கிறது வேற. இது புரியாமத்தான் என் மச்சான் என்னைப் பத்தி ஊரெல்லாம் பேசிட்டுத் திரியிறான். அவன் வீட்டுக்குத்தான் போறேன் இப்போ, காரைக்காலுக்கு. அத அப்புறம் சொல்றேன்.

டார்க் ரம்முன்னா என்ன? கரும்புலேர்ந்து சக்கரை எடுத்தப்புறம் கருப்பா ஒரு பாகு மிஞ்சும். அதப் புளிக்க வச்சு, காய்ச்சி, மரப் பீப்பாயில போட்டு வருஷக்கணக்கா தூங்க விடறது. அந்த மரந்தான் நெறத்தக் குடுக்கும், வாசனையக் குடுக்கும். அவசரக்காரன் என்ன பண்ணுவான்னா, சக்கரையக் கருக்கி நெறத்துக்கு ஊத்திடுவான். கண்ணால பாத்தா ரெண்டும் ஒண்ணு. மூக்குதான் சொல்லணும். வாய லேசாத் தெறந்து வச்சிக்கிட்டு மோந்து பாக்கணும், இல்லேன்னா காரம் மூக்குல ஏறிடும். ரெண்டு சொட்டுத் தண்ணி விட்டா ஒளிஞ்சிருந்த வாசனையெல்லாம் வெளிய வரும். அப்புறம் ஒரு மடக்கு வாயில வச்சு நாக்குல பொரட்டணும். முன்னாடி என்ன வருது, நடுவுல என்ன வருது, கடைசில தொண்டையில என்ன நிக்குதுன்னு பாத்துட்டுத் துப்பிடணும். துப்பிடணும் சார். அதுதான் முக்கியம். முழுங்குறவன் ருசி பாக்கிறவன் இல்ல.

எனக்குக் காய்ச்சல் விட்டு எழுந்த அன்னிக்கு என் பொஞ்சாதி காபி குடுத்தா. வாயில வச்சா வெந்நீரு. இன்னும் கொஞ்சம் டிகாஷன் ஊத்துன்னேன். ஊத்தினா. அப்பவும் வெந்நீரு. இனிப்பு தெரியுது, புளிப்பு தெரியுது, சூடு தெரியுது. வேற ஒண்ணும் இல்ல. அப்படியே சொவத்தப் பாத்து உக்காந்துட்டேன்.

ஹோட்டல் தொறந்தாங்க. மேனேஜர் மத்தியாஸ் சார் கூப்பிட்டாரு. "தைரியம், சீசனுக்குப் புது மெனு. எல்லாமே டார்க் ரம்முல. உன் மூக்க நம்பித்தான் மொதலாளிகிட்ட பேசியிருக்கேன்"னாரு. நான் என்ன சொல்ல முடியும்? எனக்கு மூக்கு இல்ல சார்னு சொன்னா அடுத்த வாரம் கோவாவுலேர்ந்து ஒரு பையன எறக்கிடுவாங்க. தலையாட்டிட்டு வந்துட்டேன்.

வீட்டுக்கு வந்து அமலுகிட்ட சொன்னேன். அமலோற்பவம், என் பொஞ்சாதி. அவளுக்கு இருந்துச்சு பாருங்க ஒரு மூக்கு. பால் திரியறதுக்கு மொத நாளே இது நாளைக்கு நிக்காதுன்னு சொல்லுவா. மார்க்கெட்ல மீனத் தொட மாட்டா, செவுளத் தூக்கிப் பாக்க மாட்டா, கூடைக்குப் பக்கத்துல நின்னுட்டு இது நேத்துதுன்னு நடையக் கட்டிடுவா. மீன்காரிங்களுக்கு இவளப் பாத்தாலே ஆகாது.

அவதான் எனக்குத் தோணினா. வேற யாரு தோணுவா? கட்டினவதானே.

சின்னச் சின்ன பாட்டில்ல ரம்மு கொண்டாந்தேன். அவ மொகம் சுருங்கிடுச்சு. "இது எங்கப்பா மேல அடிச்ச வாசனைங்க"ன்னா. அவ அப்பன் சாராயத்துலயே போனவரு. சின்ன வயசுலேயே போயிட்டாரு, அவளுக்கும் அவ அண்ணனுக்கும் அந்த மனுஷன நெனைச்சாலே ஆகாது. என்னைக் கட்டிக்கும்போதே கேட்டா, பார்ல வேலை பாக்கிறீங்களே, குடிப்பீங்களான்னு. தொட மாட்டேன்னு மாதா மேல சத்தியம் பண்ணினேன். அத இன்னிவரைக்கும் காப்பாத்துறேன் சார், அதையும் சொல்லணும்.

"உங்கப்பா குடிச்சது சாராயம் அமலு. இது அப்படி இல்ல. பீப்பாயில தூங்கின சரக்கு. நீ குடிக்க வேணாம். நாக்குல வச்சுப் பாத்துட்டு இந்த டம்ளர்ல துப்பிடு. என்ன தெரியுதுன்னு மட்டும் சொல்லு. நம்ம வீட்டு அடுப்பு எரியணும் இல்ல"ன்னேன்.

காலைல, பொண்ணு ஸ்கூலுக்குப் போனப்புறம். எனக்குச் சாயங்காலந்தான் டூட்டி. அதுவுமில்லாம வெறும் வயித்துலதான் நாக்கு சுத்தமா இருக்கும், ருசி பாக்க அதுதான் நேரம். சமையல் கட்டுல முக்காலி போட்டு உக்காந்தா. கிளாஸ எடுத்து மோந்தா. கண்ண மூடிக்கிட்டா. 

"வெல்லப்பாகு அடிபுடிச்ச வாசனைங்க"ன்னா. "அப்புறம் கிறிஸ்மஸ் கேக்குக்கு ஊற வச்ச திராட்சை. அப்புறம்..." சிரிச்சா. "கோயில் பெஞ்சு. மழைக்காலத்துல கோயில் பெஞ்சுல உக்காந்தா வருமே, அந்த மர வாசனை."

எனக்கு ஒடம்பு சிலிர்த்துப் போச்சு சார். அதேதான். எனக்கு மூக்கு இருந்தப்ப அந்த ரம்முல அதேதான் வரும். வாயில வைன்னேன். வச்சா. டம்ளர நீட்டினேன். முழுங்கிட்டா.

"ஏன் முழுங்குன? துப்பச் சொன்னேன்ல."

"வாயில வச்சத எப்படிங்க துப்புறது? சோறு ஆக்குற எடம்"னா.

நான் சிரிச்சேன். சரி, நாளைக்குத் துப்பிடுன்னேன். மறுநாளும் சொன்னேன். தெனமும் சொன்னேன். நான் துப்பத்தான் சொன்னேன் சார். இத நீங்க மனசுல வச்சிக்கணும்.

அந்த சீசன் மாதிரி ஒரு சீசன் என் வாழ்க்கையில வரல. அவ சொல்லச் சொல்ல நான் கலக்குவேன். எலுமிச்சை போதுமா, இஞ்சி தூக்குதா, இனிப்பு ரம்ம அமுக்குதா, எல்லாம் அவ வாய்தான். நன்னாரி சர்பத் சேக்கலாம்னு நான் சொன்னேன். புளி வேணும்னு அவ சொன்னா. பச்சையா இல்ல, புளிய அடுப்புல சுட்டுக் கரைச்சு ஊத்துங்கன்னா. ஒரு கல்லு உப்பு போடுங்கன்னா. ரம்மு, சுட்ட புளி, நன்னாரி, இஞ்சிச் சாறு, உப்பு, ஐஸ் போட்டு நல்லா குலுக்கி வடிச்சேன். ஒரு மடக்கு குடிச்சுட்டு அப்படியே என்னைப் பாத்தா. "இதுல ஒண்ணும் மாத்தாதீங்க"ன்னா.

அதுக்கு அந்திக் கடல்னு பேரு வச்சேன். மெனுவுல மொத எடம். மெட்ராஸ்லேர்ந்தெல்லாம் அதுக்குன்னே வந்தாங்க. தைரியம், எங்கேருந்துய்யா புடிச்ச இதன்னு மத்தியாஸ் சார் தோள்ல தட்டினாரு. மனசுல தோணுச்சு சார்னேன். என்னோட கண்டுபிடிப்புதானே சார் அது. கலந்தது நான். அவ ருசி பாத்தா, அவ்வளவுதான்.

ஒரு தடவ கேட்டா, "நான் வந்து பாக்கலாமாங்க? அத யாராவது குடிக்கிறத ஒரு ஓரமா நின்னு பாத்துட்டு வந்துடறேன்"னு. அது குடும்பப் பொம்பளைங்க வர்ற எடம் இல்ல அமலுன்னேன். சரின்னுட்டா. தகராறு பண்றவ இல்ல அவ. "பரவால்லங்க. என்கிட்ட இதுவரைக்கும் யாரும் எதையும் கேட்டதில்ல. நீங்க உக்கார வச்சுக் கேக்குறீங்களே, அதே எனக்குப் போதும்"னா. அந்த அளவுக்கு சந்தோஷமா இருந்தா. நான் அவளக் கஷ்டப்படுத்தினேன்னு மச்சான் சொல்றான். அவன் அப்போ அவ மொகத்தப் பாத்தானா?

அப்புறம் என்ன ஆச்சுன்னா, பாட்டில்ல அளவு கொறைய ஆரம்பிச்சுது. நான் வச்சிட்டுப் போனது வேற, வந்து பாத்தா இருக்கிறது வேற. கேட்டேன். "நேத்து சொன்னது சரியான்னு இன்னொரு தடவ பாத்தேங்க"ன்னா. பொறுப்பா இருக்காளேன்னு நெனைச்சேன். கூட ரெண்டு பாட்டில் சேத்துக் கொண்டாந்து வச்சேன்.

எப்பவும் கிராம்பு மென்னுட்டே இருப்பா. பல்வலின்னு சொல்லுவா.

என் பொண்ணு செலின் அப்போ பிளஸ் ஒன். ஒரு நாள் நான் சட்டை மாட்டிட்டுக் கெளம்பறப்ப வந்து நின்னா. "அப்பா, அம்மா மேல வாசனை வருது"ன்னா.

என்ன வாசனைன்னேன்.

"உங்களுக்குத் தெரியலையா?"

"எனக்கு ஒண்ணும் வரலையே"ன்னேன்.

அவ என்னையே பாத்துட்டு நின்னா. பக்கத்து வீட்டுக்காரங்க கதவச் சாத்திக்கிறாங்கப்பான்னா. எனக்கு டூட்டிக்கு நேரமாயிடுச்சு, சைக்கிள் ஸ்டாண்ட எடுத்துட்டேன். இதுல என் மேல என்ன தப்பு, சொல்லுங்க. மூக்கு இல்லாதவனுக்கு எப்படித் தெரியும்? மூக்கு இருந்தவங்க எத்தன பேரு அந்தத் தெருவுல, ஒருத்தராவது என்கிட்ட வந்து சொன்னாங்களா?

அந்த டிசம்பர் கடைசி, புது வருஷக் கூட்டம். புளிக் கரைசல மொத்தமாப் பண்ணி வச்சிருந்தேன். காலைல ரம்முல கலந்து அமலுகிட்ட குடுத்தேன். ஒரு மடக்கு இல்ல, டம்ளர் முழுக்கக் குடிச்சா. "நல்லா இருக்குங்க"ன்னா. அப்போல்லாம் எதக் குடுத்தாலும் நல்லா இருக்குங்கதான். நானும் நம்பிக் கொண்டுபோய் ஊத்தினேன். கிளாஸெல்லாம் திரும்பி வருது. ஒரு வாய் வச்சிட்டு வச்சிட்டு அனுப்புறாங்க. மத்தியாஸ் சார் ஒரு கிளாஸ எடுத்தாரு, மோந்தாரு, என் முன்னாடி வச்சாரு.

"மோந்து பாரு தைரியம்."

மோந்தேன்.

"எப்படி இருக்கு?"

நல்லாத்தானே சார் இருக்குன்னேன்.

 அவரு கண்ண மூடுன்னு சொல்லிட்டு, ஒரு பாட்டில் மூடியத் தெறந்து என் மூக்குக்கிட்ட காட்டினாரு. எலுமிச்சையா சார்னு கேட்டேன். கண்ணத் தெறந்தா, அவரு கையில ஃபெனாயில் பாட்டில்.

அன்னிக்கே பார்லேர்ந்து எடுத்துட்டாங்க. ஸ்டோர் ரூம்ல போட்டாங்க, கிளாஸ் துடைக்கிற துணி எண்ணி வைக்கிற வேலை. அத்தன பேரு பாக்க. யாரால சார்? ஊசிப்போன புளி தெரியாத நாக்கு ஒரு நாக்கா? வீட்டுக்கு வந்தேன். அவ அடுப்புப் பக்கத்துல தரையில கிடக்கிறா. சேலை ஒரு பக்கம், தலை ஒரு பக்கம். செலின் தலையத் தூக்கி மடியில வச்சிட்டு உக்காந்திருக்கா.

நான் கை ஓங்கல. சத்தம் போடல. அத செலினே சொல்லுவா. பேசறத நிறுத்திட்டேன், அவ்வளவுதான். சோறு போட்டா திம்பேன், எழுந்து போயிடுவேன். பாட்டில் கொண்டாறதையும் நிறுத்திட்டேன், இனிமே அவ நாக்கு எனக்கெதுக்கு? நான் கொண்டாறலேன்னதும் அவளே வாங்க ஆரம்பிச்சுட்டா. மட்ட சரக்கு. பீப்பாயும் தெரியாது மரமும் தெரியாது. நான் குடுத்த சரக்கயா குடிச்சா கடைசில? எத வேணா குடிச்சா. அதுக்கும் நானா பொறுப்பு?

செலின் மாமனுக்கு போன் பண்ணிட்டா. மச்சான் சந்தியாகு வந்து நின்னான். அவளப் பாத்தான்.  "எங்கப்பன் போன வழியில எங்கம்மா பெத்தவ போறாளே, நீ கொண்டுபோய் விட்டியே"ன்னான் என்னப் பாத்து. நான் துப்பத்தான் சொன்னேன் சந்தியாகுன்னேன். அவன் எம்மேல காறித் துப்பிட்டு ஆட்டோ புடிச்சிட்டு வந்தான். ரெண்டு பேரையும் கூட்டிட்டுப் போயிட்டான்.

அங்க ஆஸ்பத்திரில சேத்து வைத்தியம் பாத்தாங்க. ஈரல் கெட்டிருக்கு, இனி ஒரு சொட்டு போனாலும் தாங்காதுன்னு டாக்டர் சொல்லிட்டாராம். அவளும் விட்டுட்டா. நெசமா விட்டுட்டா சார். கோயில்ல பெருக்குறது, அண்ணன் பொஞ்சாதிக்கு ஒத்தாசையா இருக்கிறதுன்னு ஒடம்பு தேறி, மொகத்துல சதை போட்டு நல்லா ஆயிட்டா. எனக்கு செலின் போட்டோ அனுப்பினா. பாத்து சந்தோஷப்பட்டேன். கல்லு மனசுக்காரன் இல்ல நான்.

அந்த நேரம் பாத்து மத்தியாஸ் சார் கூப்பிட்டாரு. எனக்குப் பதிலா வந்த கோவா பையன் கெளம்பிட்டான், மொதலாளி பழைய ருசி வேணும்கிறாரு, மூக்கு திரும்பி வந்துச்சான்னு கேட்டாரு. வந்துடுச்சு சார்னேன். அப்போ புதுசா வந்திருக்கிற ரம்முல மூணு காக்டெயில் போட்டுக் காட்டுன்னாரு. நான் என்ன பண்ணுவேன்? ஸ்டோர் ரூம்ல துணி எண்ணியே சாகணுமா?

காரைக்காலுக்குப் போனேன். மச்சான் வேலைக்குப் போற நேரமாப் பாத்துத்தான் போனேன், வீண் சண்டை எதுக்கு. அமலு பின்கட்டுல துணி தோய்ச்சிட்டு இருந்தா. என்னைப் பாத்ததும் ஈரக்கையோட எழுந்து நின்னா. "சாப்பிட்டீங்களா"ன்னா. அவ்வளவு நாள் பேசாம இருந்தவனப் பாத்து கேட்ட மொத வார்த்தை அதுதான்.

பையிலேர்ந்து பாட்டில எடுத்தேன். சின்னதுதான், இத்தினியூண்டு. அவ ரெண்டடி பின்னால போயிட்டா.

"வேணாங்க."

"வாயில கூட வைக்க வேணாம் அமலு. மோந்து பாத்து சொல்லு, போதும். என் பொழப்பே இதுல இருக்கு."

"எனக்கு பயமா இருக்குங்க."

"நான் பக்கத்துலயே நிக்கிறேன்ல."

வாங்கினா.  மோந்தா. மோந்து சொன்னா, அதே பழைய மூக்கு, திரும்பி வந்திருச்சு. வறுத்த காபிக்கொட்டை, ஆரஞ்சுத் தோலு, பொகையில வச்ச மரம்னு அடுக்கறா. என்னால நம்ப முடியல. அந்த ஆசையில, கடைசில தொண்டையில என்ன நிக்குதுன்னு மட்டும் பாத்துடுன்னேன். அது மோந்தா தெரியாது சார், வாயில வச்சாத்தான் தெரியும். தொழில்ல இருக்கிறவனுக்குத்தான் அது புரியும்.

வச்சா. அவ கண்ணுல தண்ணி வந்துச்சு. அப்புறம் திரும்பித் துணி தோய்க்கிற கல்லுல துப்பினா. துப்பினா சார், நான் கண்ணால பாத்தேன். இத்தன நாள்ல மொத தடவையாத் துப்பினா. பாத்தியா, உன்னால முடியுதுல்லன்னு சொன்னேன். அவளும் தலையாட்டினா. அதுக்கப்புறம் அவளுக்கு என்ன கொறைன்னு நான் நெனைக்க முடியும்?

பஸ்ஸுக்கு நேரமாயிடுச்சு. பாட்டில கல்லு மேலயே வச்சிட்டு ஓடி வந்துட்டேன். எத்தன சொட்டு மிஞ்சியிருக்கும் அதுல? அதனாலயா ஒருத்தி சாவா? காரைக்கால்ல கடைக்கா பஞ்சம்? மறுபடியும் குடிக்க ஆரம்பிச்சு, அந்த மழைக்காலம் முடியறதுக்குள்ள போயிட்டா. ரத்தமா வாந்தி எடுத்தாளாம். என் மூணு காக்டெயிலும் மெனுவுல வந்து ஓடிட்டிருந்த நேரம். போன் வந்தப்ப நான் பார்ல நிக்கிறேன், கையில ஷேக்கர், குலுக்கிட்டே கேட்டேன். நிறுத்தணும்னு கூடத் தோணல.

அடக்கத்துக்குப் போனா, மச்சான் கல்லறைத் தோட்டத்துக்குள்ள விடல. செவுத்துக்கு வெளியிலேர்ந்துதான் சாமியார் ஜெபம் சொல்றதக் கேட்டேன். மண்ணு கூடப் போட விடல என்னை. கட்டினவன் சார் நான். அந்த ஆத்தாமைதான் எனக்குத் தாங்கல. அத யார்கிட்டயாவது சொல்லணும்னு இருந்துச்சு, உங்ககிட்ட சொல்லிட்டேன்.

இப்போ எதுக்குப் போறேன்னா, மறுபடியும் மெனு மாத்தறாங்க. மூணு காக்டெயிலும் பழசாயிடுச்சாம். செலின் காரைக்கால்லதான் காலேஜ் படிக்கிறா. அம்மா மூக்கு சார் அவளுக்கு, அப்படியே வந்திருக்கு. அடக்கத்தன்னிக்கு வெளிய வந்து, "அப்பா, உங்க சட்டையில இருக்கிற வாசனையோட எங்கிட்ட வராதீங்க"ன்னா. சட்டைய நல்லா தோய்ச்சு, இஸ்திரி போட்டு மாட்டிட்டுப் போனேன். அதுலயே கண்டுபிடிச்சுட்டான்னா பாத்துக்குங்க. எனக்கு அப்பவே தோணுச்சு.

மச்சான் வாசல்லயே நிறுத்துவான். பரவால்ல. காலேஜ் விடற நேரத்துக்கு அந்த வாசலுக்குப் போயிடுவேன். பெத்த அப்பன் பாக்கிறத யாரு தடுப்பா? பாட்டில் பையிலதான் இருக்கு. வாயில வைக்கவே வேணாம் அவ, மோந்து பாத்து சொன்னாப் போதும். அப்படியே வச்சாலும் அவ படிச்ச பொண்ணு, அவங்கம்மா மாதிரி இல்ல. துப்புன்னு சொன்னாத் துப்பிடுவா.

என்ன சார், எழுந்துட்டீங்க? இன்னும் சீர்காழியே வரலையே. காரைக்கால்னுதானே டிக்கெட் வாங்கினீங்க. பின்னாடி சீட்டுக்கா? அங்க ரொம்பத் தூக்கிப் போடும் சார். இங்கேயே உக்காருங்க. நான் பேசல.